நின்ற வண்டி பறிக்கும் நொடி

சாலை விபத்து என்றதும் ஓடும் வண்டிதான் நம் நினைவுக்கு வருகிறது. வேகம், குடிபோதை, தலைக்கவசம், கைப்பேசி என்று எல்லாப் பேச்சும் ஓடுவதைச் சுற்றியே இருக்கிறது. ஓரமாக நிற்கும் வண்டியைப் பற்றிப் பேசினால் அது நெரிசலைப் பற்றிய பேச்சாக முடிந்துவிடும். நாகர்கோவிலில் செட்டிகுளம், வேப்பமூடு, மணிமேடை, வடசேரி என எந்தச் சந்திப்பை எடுத்தாலும், மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ திங்கள்சந்தையிலோ எந்தக் கடைவீதியை எடுத்தாலும், சாலையோரம் நிற்கும் வண்டிகளைப் பற்றிய புகார் ஒன்றுதான்: போக முடியவில்லை, நேரம் வீணாகிறது. காருக்குள் இருப்பவருக்கு அது நேர இழப்பு. அவர் பத்து நிமிடம் தாமதமாக வீடு போய்ச் சேருவார். நடந்து போகிறவர் இழப்பதும் நேரம்தான், ஆனால் அதன் அளவு ஒரு நொடியோ அரை நொடியோதான் இருக்கும். அந்த அரை நொடியில்தான் அவர் உயிர் இருக்கிறது. நின்ற வண்டி யாரையும் இடிப்பதில்லை. இடிக்கப்போகும் வண்டியின் ஓட்டுநரிடமிருந்தும் நடப்பவரிடமிருந்தும் அது ஒரே சமயத்தில் நேரத்தைப் பறித்துவிடுகிறது. விபத்துப் பதிவில் மோதிய வண்டியின் எண் இருக்கும். மறைத்து நின்ற வண்டியின் எண் பெரும்பாலும் இருக்காது.

இந்த நேரக் கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுநர் ஒரு ஆபத்தைக் கண்டு, அது என்னவென்று புரிந்து, பிரேக்கை மிதிக்கச் சுமார் 1 நொடி ஆகிறது. கவனம் வேறெங்கோ இருந்தால் ஒன்றரை, 2 நொடிகூட ஆகும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 8 மீட்டருக்குச் சற்று மேல் ஓடிவிடும். 50 கிலோமீட்டரில் அது கிட்டத்தட்ட 14 மீட்டர். இது பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு முன் ஓடும் தூரம். அதன் பிறகு, காய்ந்த தார்ச்சாலையில், நல்ல நிலையில் உள்ள பிரேக்கோடு, 30-ல் வந்த கார் நிற்க மேலும் 5 மீட்டர் வேண்டும். 50-ல் வந்த காருக்கு 14 மீட்டர். ஆக முன்னதற்கு மொத்தம் 13 மீட்டருக்குச் சற்று மேல், பின்னதற்கு 28 மீட்டர். இரண்டு கார்களும் ஒரே புள்ளியில் ஒருவரைப் பார்த்ததாக வைத்துக்கொண்டால், 30-ல் வந்தது முழுதாக நின்றுவிட்ட இடத்தில் 50-ல் வந்தது இன்னும் பிரேக்கைத் தொட்டே இருக்காது. ஆண்டில் இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம் கன்னியாகுமரி. நனைந்த சாலையில் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் ஏறத்தாழ இரு மடங்காகும்.

இவ்வளவும் ஓட்டுநர் பார்த்துவிட்ட பிறகு நடப்பவை. வரிசையாக நிற்கும் வண்டிகள் கெடுப்பது அந்தப் பார்வையைத்தான். இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து ஒருவர் சாலையைக் கடக்க வெளியே வருகிறார். நிற்கும் காரின் வெளிப்பக்க ஓரத்தை அவர் உடல் தாண்டும்வரை வரும் ஓட்டுநருக்கு அவர் இல்லை. தாண்டியபின், ஓடும் வண்டியின் பாதைக்குள் அவர் கால் வைக்க இன்னும் 1 மீட்டர்தான் இருக்கும். சாதாரண நடை வேகம் நொடிக்கு சுமார் 1.2 மீட்டர், அந்த 1 மீட்டரைக் கடக்க 0.8 நொடி. ஓடிவரும் பிள்ளைக்கு அதில் பாதிகூட ஆகாது. ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கவே 1 நொடி தேவைப்படும்போது அவருக்குக் கிடைப்பது 0.8 நொடி. அவர் எவ்வளவு நல்ல ஓட்டுநராக இருந்தாலும், வண்டி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், இந்தக் கழித்தலில் மிச்சம் வராது. ‘திடீரென்று குறுக்கே வந்துவிட்டார்’ என்று விபத்துக்குப் பின் ஓட்டுநர் சொல்வது பல நேரம் உண்மைதான். அந்தத் திடீர் எப்படி உண்டானது என்பதுதான் கேட்கப்படாத கேள்வி.

மறைப்பு இருபக்கமும் வேலை செய்கிறது. நடப்பவரும் வரும் வண்டியைப் பார்க்க முடியாது. பார்க்க வேண்டுமானால் தலையை வெளியே நீட்ட வேண்டும், தலைக்கு முன்பே கால் வெளியே போயிருக்கும். நிமிர்ந்து நடக்கும் பெரியவருக்கு இந்த வித்தியாசம் ஒரு சாண்கூட இல்லை. சக்கர நாற்காலியில் வருபவருக்கு அவர் கால்பலகை கண்ணுக்கு அரை மீட்டருக்கும் மேல் முன்னால் இருக்கிறது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளி வரும் தாய்க்கு அந்த இடைவெளி இன்னும் அதிகம்; அவர் சாலையைப் பார்க்கும் முன்பே குழந்தை சாலையில் இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளையின் சராசரி உயரம் சுமார் 115 சென்டிமீட்டர். சாதாரண சிறு கார் 150 சென்டிமீட்டர் உயரம் இருக்கும், ஜீப் வகை வண்டிகள் 180-ஐத் தொடும். பெரியவரின் தலையாவது சிறு காரின் கூரைக்கு மேல் தெரியலாம். பிள்ளையின் எந்த உறுப்பும் தெரியாது. போதாததற்கு, நெருங்கி வரும் வண்டியின் வேகத்தைக் கண்ணால் அளக்கும் திறன் சிறு பிள்ளைகளுக்கு இன்னும் முற்றியிருக்காது. ‘பார்த்துப் போ’ என்று சொல்லி அனுப்புகிறோம். பார்ப்பதற்கு அங்கே வழியே இல்லை.

சாலையைக் கடப்பவருக்கு இது. கடக்காமல் ஓரமாகவே போகிறவருக்கு ஆபத்து வேறு விதமாக வருகிறது. நாஞ்சில் நாட்டுச் சாலைகள் பலவும் மாட்டுவண்டிக் காலத்து வழித்தடங்களின் மேலேயே வளர்ந்தவை. 2011 கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டரில் 1,111 பேர் வாழும் மாவட்டம். சென்னைக்கு அடுத்து தமிழ்நாட்டில் மக்கள் நெருக்கம் மிகுந்தது இதுவே. சாலையின் இருமருங்கிலும் வீடும் கடையும் பள்ளியும் கோயிலும் தேவாலயமும் தொடர்ந்து கொண்டே போகும். ஒரு ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்கும் இடம் பெயர்ப்பலகையில்தான் தெரியும். ஆகவே இங்கே நடப்பவர் இல்லாத சாலை என்று ஒன்று அநேகமாகக் கிடையாது. 7 மீட்டர் அகலச் சாலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இருபுறமும் ஒவ்வொரு கார் நின்றால், இடைவெளியோடு சேர்த்து 4 மீட்டர் போய்விடும். மிச்சம் 3 மீட்டர். அரசுப் பேருந்தின் அகலம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர். பேருந்து நடுவாக வந்தால் ஒவ்வொரு பக்கமும் கால் மீட்டர் இருக்கும். மனிதரின் தோள் அகலமே அரை மீட்டர். அதாவது அந்த இடத்தில், அந்தக் கணத்தில், நடப்பவர் இருக்க இடமே இல்லை; அவர் பேருந்தின் இரக்கத்தில் இருக்கிறார்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. நம் போக்குவரத்து இடப்பக்கம் ஓடுகிறது. பழக்கத்தால் நடப்பவர்களும் இடப்பக்கமே நடக்கிறார்கள். எனவே நிற்கும் வண்டியைச் சுற்றிக்கொண்டு சாலைக்குள் இறங்கும்போது வண்டிகள் அவர் முதுகுப் பக்கம் வருகின்றன. அவருக்கு மிஞ்சும் ஒரே எச்சரிக்கை காது. மெதுவாக வரும் மின்சார ஸ்கூட்டருக்கு எஞ்சின் ஒலி கிடையாது. மழையில் குடைமேல் விழும் சத்தத்தில் மற்ற ஒலிகளும் மங்கிவிடும். கல்லும் மணலும் ஏற்றிக்கொண்டு களியக்காவிளை பக்கம் போகும் டாரஸ் லாரிகளை இந்த மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. அவ்வளவு உயரத்தில் அமர்ந்திருக்கும் ஓட்டுநருக்குத் தன் வண்டியின் முன்னும் இடப்பக்கமும் ஒட்டி நடப்பவர் கண்ணாடியில்கூடத் தெரியாத பகுதி ஒன்று உண்டு. நின்ற வண்டி ஒருவரைத் தள்ளிவிடுவது பெரும்பாலும் அந்தப் பகுதிக்குள்தான். பார்வையற்றவரின் நிலை இதைவிட மோசம். அவர் கைக்கோல் தரையைத் துழாவுகிறது. நிற்கும் டெம்போவின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியும் லாரியின் பக்கக் கண்ணாடியும் கோலுக்கு எட்டாமல் நேராக நெஞ்சிலும் முகத்திலும் படுகின்றன.

நடைபாதை இருக்கும் இடத்தில் அது பெரும்பாலும் மழைநீர் ஓடையின் மேல் போட்ட ஸ்லாப் தான். நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டி. அந்த அகலம் நம் ஊரில் கிடைப்பதே அபூர்வம். கிடைத்ததன் மேலும் கார் ஏறி நிற்கிறது. நடப்பவர்களின் எடைக்குப் போட்ட ஸ்லாப்பின் மேல் காரின் ஒரு அச்சு அரை டன்னுக்கும் மேல் அழுத்துகிறது. முதலில் விரிசல், அப்புறம் உடைசல், பிறகு ஓடையின் வாய். கார் போன பிறகும் அந்த இடத்தில் யாரும் நடக்க முடியாது. ஒரு நாள் நிறுத்தியதன் விலையை நடப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நடந்து போனவர்கள் 32,825 பேர். எந்த வண்டியையும் ஓட்டாதவர்கள், எந்த வண்டியிலும் ஏறாதவர்கள். சட்டம் இவர்களை மறந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 122-ஆம் பிரிவில், பிறருக்கு ஆபத்தோ தடையோ உண்டாக்கும்படி, அல்லது உண்டாக்கக்கூடும்படி, பொது இடத்தில் வண்டியை விட்டுவைக்கக் கூடாது என்கிறது. விபத்து நடந்திருக்க வேண்டும் என்பதில்லை, நடக்கக்கூடும் என்பதே போதும். 2017-ல் வந்த ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் நடைபாதை, பாதசாரி கடக்குமிடம், பேருந்து நிறுத்தம், பள்ளி, மருத்துவமனை வாசல் எல்லாவற்றிலும் வண்டி நிறுத்தத் தடை விதித்து, சந்திப்பின் விளிம்பிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் நிறுத்தக் கூடாது என்கின்றன. நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. எழுத்தில் குறை இல்லை.

மறுப்புகளுக்கு வருவோம். அடிக்கடி கேட்பது, ‘ரெண்டே நிமிஷம், மருந்து வாங்கிட்டு வந்திருவேன்’ என்பது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நடப்பவர் சந்திப்பது அந்த ஒரு ஆளை அல்ல, அந்த இடத்தை. அமெரிக்க அறிஞர் ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த எளிய விதி ஒன்று இருக்கிறது: ஓரிடத்தில் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள் என்பது, மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதையும் ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பதையும் பெருக்கினால் கிடைக்கும். மருந்துக்கடை வாசலுக்கு மணிக்கு 30 வண்டிகள் வந்து, ஒவ்வொன்றும் 2 நிமிடம் மட்டும் நின்றால், சராசரியாக எப்போதும் அங்கே ஒரு வண்டி நிற்கிறது. வண்டிகள் ஒழுங்கில்லாமல் வரும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், நடந்து வருபவர் அந்த இடத்தை அடையும்போது அது அடைபட்டிருக்க 100-க்கு 63 வாய்ப்பு. முப்பது பேரும் தாங்கள் நின்றது இரண்டே நிமிடம் என்று சத்தியம் செய்யலாம். அந்த வழியே நடக்கும் பாட்டிக்கு அது பெரும்பாலும் மூடிய வழிதான்.

‘ஊருக்குள் யார் வேகமாகப் போகிறார்கள், நெரிசலில் எல்லாம் ஊர்ந்துதானே போகிறது’ என்பது அடுத்தது. நெரிசல் நேரத்தில் கார்கள் ஊர்வது உண்மை. அவற்றின் இடுக்கில் புகுந்து வரும் இருசக்கர வண்டிகள் ஊர்வதில்லை. மதியமும் இரவும் அதே தெருவில் 50-ஐத் தொடுகிறவர்கள் உண்டு. மோதும் வேகம் 50-லிருந்து 65 ஆகும்போது, காரின் முன்பக்கம் மோதி நடப்பவர் இறக்கும் வாய்ப்பு நான்கரை மடங்காகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் வேகத்தின் சிறு ஏற்றமும் எலும்பிலும் மூளையிலும் பெரிதாக விழுகிறது.

இன்னொரு மறுப்பு கனமானது. அதைச் சாலைப் பொறியாளர்களே சொல்வார்கள். ஓரத்தில் வண்டிகள் நின்றால் சாலை குறுகித் தெரியும், ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைப்பார்கள். நிற்கும் வண்டி நடப்பவருக்கும் ஓடும் வண்டிக்கும் நடுவே அரணாகவும் இருக்கும். இது தவறல்ல. ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. அரணுக்கு உள்ளே நடக்கத் தனியாக நடைபாதை இருக்க வேண்டும். கடக்கும் இடங்களில் அரண் திறந்திருக்க வேண்டும். நம் வீதிகளில் வண்டி நிற்பதே நடப்பவரின் நிலத்தில்தான், அடைத்து நிற்பதும் கடக்கும் முக்கில்தான். அரண் என்று சொல்ல உள்ளே ஆள் இருக்க வேண்டும். இங்கே ஆளை வெளியே தள்ளிவிட்டு வண்டி உள்ளே நிற்கிறது.

‘அப்படியானால் வண்டியை எங்கே விடுவது, தலையிலா சுமப்பது’ என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சி ஆனது. வண்டிகள் பெருகிய வேகத்தில் நிறுத்துமிடங்கள் பெருகவில்லை. சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்துக்கும் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் மண்டைக்காட்டுக் கொடைக்கும் வரும் கூட்டத்துக்கு எந்த ஏற்பாடும் போதாது. சபரிமலை காலத்தில் கன்னியாகுமரி வீதிகளுக்கும் அதே கதி. கடைக்காரர்கள் வியாபாரம் போய்விடும் என்று அஞ்சுவதையும் அலட்சியப்படுத்த முடியாது. ஆகவே எல்லா இடத்திலும் எப்போதும் தடை என்று கேட்பது வீண். அப்படிக் கேட்டால் எங்கும் நடக்காது. ஆபத்து எல்லா மீட்டரிலும் சமமாகப் பரவியிருக்கவில்லை என்பதே இங்கே கைகொடுக்கும் உண்மை. கடைவீதியின் நடுப்பகுதியில் கோட்டுக்குள் நிற்கும் காரைவிட, முக்கை ஒட்டியோ பள்ளி வாசலை ஒட்டியோ நிற்கும் கார் பல மடங்கு கொடியது.

அந்தச் சில மீட்டர்களை விட்டுக்கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதையும் கணக்கிடலாம். நிறுத்தும் வரிசை 2 மீட்டர் அகலம்; அந்த வரிசைக்கு ஒன்றரை மீட்டர் தள்ளி ஒரு பைக் வருகிறது; நடப்பவர் இன்னும் ஓரத்திலேயே நிற்கிறார் என்று கொள்வோம். வண்டி அவரை ஒட்டி நின்றால், பைக் ஓட்டுபவர் அவரைக் காண்பது 1 மீட்டர் அருகில் வந்தபிறகுதான். பைக் வரும் பக்கம் நடப்பவருக்கு முன்னால் 10 மீட்டர் காலியாக இருந்தால், பதினேழரை மீட்டர் தூரத்திலேயே கண்ணில் படுவார். 30 கிலோமீட்டர் வேகத்தில் நிற்கத் தேவை 13 மீட்டருக்குச் சற்று மேல் என்று பார்த்தோம். அதாவது 10 மீட்டர் காலி இடமும் 30 கிலோமீட்டர் வேகமும் சேர்ந்தால், அவர் சாலையில் இறங்குமுன்பே ஓட்டுநரால் வண்டியை நிறுத்த முடியும். 50-ல் வந்தால் இந்த 10 மீட்டர் காப்பாற்றாது. சுவீடனின் சட்டம் பாதசாரி கடக்குமிடத்துக்கு முன் விடச் சொல்வதும் 10 மீட்டர்தான். கலிபோர்னியாவில் 2025 தொடக்கத்திலிருந்து சுமார் 6 மீட்டர் கட்டாயம். நம் ஒழுங்குமுறையின் 50 மீட்டரை யாரும் கடைப்பிடிக்காமல் இருப்பதைவிட, முதல் 10 மீட்டரை உறுதியாகக் காப்பது மேல் என்பது என் எண்ணம். ஒரு முக்குக்கு இழப்பது இரண்டு கார் நிற்கும் இடம்.

அமெரிக்காவின் ஹோபோக்கன், சுமார் 60,000 பேர் மூன்று சொச்சம் சதுர கிலோமீட்டரில் நெருக்கியடித்து வாழும் ஊர். முக்குகளைக் காலியாக்கும் வேலையை அந்த நகராட்சி ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து செய்தது. வேகத்தையும் குறைத்தது, கடக்கும் தூரத்தையும் சுருக்கியது. 2017 ஜனவரிக்குப் பிறகு ஏழு ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஊர்ச் சாலைகளில் ஒருவரும் சாகவில்லை. அங்கே நிறுத்தத் தடை என்று பலகை வைத்ததோடு விடவில்லை. கார் ஏற முடியாதபடி தூண்களையும் பூந்தொட்டிகளையும் சைக்கிள் நிறுத்தும் சட்டங்களையும் முக்கில் வைத்தார்கள். இது முக்கியம். அபராதம் போலீஸ்காரர் நிற்கும் நேரத்தில் மட்டும் வேலை செய்யும். இரும்புத் தூண் இரவு பகல் எப்போதும் வேலை செய்யும். வியாபார அச்சத்துக்கும் தொலைவில் போய் விடை தேட வேண்டாம். 2019 நவம்பரில் சென்னை தியாகராய நகர்ப் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கித் திறந்தார்கள்; கூடவே அடுக்கு வாகன நிறுத்துமிடமும் கட்டினார்கள். அந்தக் கடைவீதி காலியாகிவிடவில்லை.

நம் ஊரில் இருசக்கர வண்டிகளே அதிகம் என்பதால் ஒரு மாற்றம் தேவைப்படும். இரண்டு தூண்களுக்கு நடுவே சக்கர நாற்காலி போக 1.2 மீட்டர் விட்டால் பைக்கும் அதில் நுழைந்துவிடும். கடைவீதி முக்குகளில் கார்களை அகற்றி, அதே இடத்தில் கோடு போட்டு பைக்குகளுக்குக் கொடுத்துவிடலாம். பைக்கின் மேலாகப் பெரியவர் ஒருவரின் தலையும் நெஞ்சும் தெரியும், மறைப்பு பெரிதும் குறையும், கடைக்காரருக்கும் வாடிக்கையாளர் வண்டி கண்ணெதிரே இருக்கும். பள்ளி வாசல்களில் இதுவும் கூடாது, பிள்ளையின் உயரத்துக்கு பைக்கே சுவர். அங்கே காலையில் பள்ளி தொடங்கும் அரை மணியும் மாலையில் விடும் அரை மணியும் வாசல் தெருவுக்குள் எந்த வண்டியும் வராமல் அடைப்பதுதான் வழி. இத்தாலியின் போல்சானோ நகரம் 1989-ல் இதைத் தொடங்கியது. நாகர்கோவிலின் கேப் ரோடு போன்ற பெரிய சாலையில் இது முடியாது. கிளைத் தெருவில் வாசல் உள்ள பள்ளிகளில் முடியும். வேண்டியது தெருவின் இரு முனையிலும் ஒவ்வொரு தடுப்பு, அதைப் போட்டு எடுக்க ஒரு ஆள், பிள்ளையை வாசலிலேயே இறக்கிவிட வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர் நூறு மீட்டர் முன்னால் இறக்கிவிட்டு அதனுடன் நடந்து வர ஒப்புக்கொள்வது.